கதிர் வரைபடத்தில் கோடுகள் ஏன் ஒரே புள்ளியில் சந்திப்பதில்லை?

காம்பஸ் வைத்து அழகாக ஒரு வில் போட்டு, அதற்குக் குழி ஆடி என்று பெயரிட்டு, விதிப்படி மூன்று கதிர்களும் இழுத்தாயிற்று. மூன்றும் ஒரு புள்ளியில் சந்திக்க வேண்டும். ஆனால் அங்கே விழுவது ஒரு சின்ன முக்கோணம். பலரும் மூன்றாவது கோட்டை லேசாகத் திருப்பி ஒப்பேற்றிவிடுவார்கள். கேட்டால், ஸ்கேல் நகர்ந்துவிட்டது என்பார்கள்.

ஸ்கேல் மீது பழி போட வேண்டியதில்லை. அந்த முக்கோணத்துக்குப் பெரும்பாலும் காரணம் அந்த அழகான வில்தான். ஆடியோ லென்ஸோ பிம்பத்தை எங்கே உருவாக்கும் என்று கோடு போட்டுக் கண்டுபிடிப்பதுதான் கதிர் வரைபடம். அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பது தெளிவானால், கோடுகள் மில்லிமீட்டர் சுத்தமாகச் சந்திக்கும்படி யாரும் வரையலாம். எட்டாம் வகுப்புக் கணிதம் போதும்.

பிம்பம் என்றால் என்ன?

மெழுகுவர்த்திச் சுடரின் நுனியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு புள்ளியிலிருந்து ஒளி எல்லாத் திசைகளிலும் கிளம்புகிறது. அதில் லென்ஸின் மேல் விழும் பங்கு, மேல் விளிம்பில் விழுந்தாலும் நடுவில் விழுந்தாலும் கீழ் விளிம்பில் விழுந்தாலும், மறுபுறம் வளைந்து சென்று மீண்டும் ஒரே புள்ளியில் கூடுகிறது. அந்தக் கூடுமிடம்தான் சுடர் நுனியின் பிம்பம். சுடரின் அடிப்புள்ளிக்கு வேறொரு கூடுமிடம், நடுப்புள்ளிக்கு இன்னொன்று. இப்படிப் புள்ளிக்குப் புள்ளி சேர்ந்ததே முழுப் பிம்பம். கண்ணுக்குள் பிம்பம் விழும் விதத்தை 1604-ல் ஜோஹன்னஸ் கெப்ளர் இந்த வழியில்தான் விளக்கினார்.

எண்ணற்ற கதிர்கள் இருக்க, நாம் ஏன் இரண்டு மூன்றை மட்டும் வரைகிறோம்? பேருந்து நிலையம் எங்கே என்று தெரியாத ஊரில் இறங்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். நூறு பேருந்துகள் அங்கே போய்ச் சேர்கின்றன. அவற்றில் இரண்டின் தடம் மட்டும் உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு தடங்களும் கூடுகிற இடமே நிலையம். மற்ற தொண்ணூற்றெட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வரைபடத்தில் நாம் இழுப்பவையும் இப்படித் ‘தடம் தெரிந்த’ கதிர்கள்தான். அவற்றுக்கு வேறு எந்தத் தனிச்சிறப்பும் கிடையாது.

அந்தக் கதிர்கள் உண்மையில் லென்ஸில் விழ வேண்டும் என்றுகூட இல்லை. 70 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைக் கைப்பேசியில் படம் எடுக்கிறோம். கலசத்திலிருந்து அச்சுக்கு (லென்ஸின் நடுவே அதற்குச் செங்குத்தாகப் போகும் கோட்டுக்கு) இணையாக வரும் கதிர் நம் தலைக்கு மேல் பல பத்து மீட்டர் உயரத்தில் போய்விடுகிறது; சில மில்லிமீட்டர் அகலமுள்ள கேமரா துளைக்குள் அது நுழையவே முடியாது. ஆனாலும் காகிதத்தில் அந்தக் கதிரை வரைந்து பிம்பத்தைக் கண்டுபிடிப்பது சரியே. நுழைகிற கதிர்களெல்லாம் எங்கே கூடுமோ, அதே இடத்தைத்தான் அது காட்டுகிறது. லென்ஸ் சிறியதாகி, கதிர் அதற்கு மேலோ கீழோ போகிறது என்றால் படத்தில் லென்ஸைக் குறிக்கும் கோட்டைப் புள்ளிக்கோடாக நீட்டி, அங்கே கதிரை மடக்கிக்கொள்ளலாம்.

லென்ஸின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால் பாதிப் பிம்பம்தான் தெரியும் என்று சொல்பவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். மேற்பாதியை மூடினாலும் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பிய ஒளியின் ஒரு பங்கு கீழ்ப்பாதி வழியே போய் அதே இடத்தில் கூடுகிறது. ஆகவே முழுப் பிம்பமும் தெரியும், வெளிச்சம் மட்டும் குறையும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஒரு புள்ளியிலிருந்து கிளம்பிய கதிர்கள் மீண்டும் கூடுமிடம் பிம்பம். அதைக் கண்டுபிடிக்கப் போக்குத் தெரிந்த இரண்டு கதிர்கள் போதும், மூன்றாவது சரிபார்ப்பதற்கு.

பெயர்கள்

கோளக ஆடி என்பது ஒரு பளபளப்பான கோளத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. உட்புறம் எதிரொளித்தால் குழி ஆடி, வெளிப்புறம் எதிரொளித்தால் குவி ஆடி. அந்தக் கோளத்தின் மையம் வளைவு மையம். ஆடித் துண்டின் நடுப்புள்ளி ஆடி மையம். இரண்டையும் இணைக்கும் கோடு முதன்மை அச்சு. இனி அச்சு என்றே சொல்வோம். அச்சுக்கு இணையாக வரும் கதிர்கள் எதிரொளித்தபின் கூடும் புள்ளி குவியம். ஆடி மையத்திலிருந்து குவியம் வரை குவியத் தொலைவு. வளைவு மையம் அதைப்போல் இரு மடங்கு தொலைவில் இருக்கும். நடுவில் தடித்த லென்ஸ் குவிலென்ஸ், நடுவில் மெலிந்தது குழிலென்ஸ். லென்ஸில் நடுப்புள்ளிக்கு ஒளியியல் மையம் என்று பெயர், குவியம் இரு பக்கமும் ஒவ்வொன்று.

வில் ஏன் காலை வாருகிறது?

அச்சுக்கு இணையான கதிர் குவியத்தின் வழியே செல்லும் என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். கோளக ஆடியைப் பொறுத்தவரை இது அச்சை ஒட்டி வரும் கதிர்களுக்கு மட்டுமே சரி. இவற்றை அண்மை அச்சுக் கதிர்கள் என்பார்கள். அச்சை விட்டு விலக விலக, கதிர் குவியத்துக்கு முன்பே, ஆடிப் பக்கமாக அச்சை வெட்டுகிறது.

எவ்வளவு விலகுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளைவு ஆரம் 8 செ.மீ., குவியத் தொலைவு 4 செ.மீ. உள்ள ஆடி. அச்சிலிருந்து 1 செ.மீ. உயரத்தில் வரும் இணைகதிர் 0.3 மி.மீ. மட்டும் விலகுகிறது, பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அது மறைந்துவிடும். 2 செ.மீ. உயரத்தில் 1.3 மி.மீ. விலகுகிறது. 4 செ.மீ. உயரத்தில் விலகல் 6 மி.மீட்டரைத் தாண்டிவிடுகிறது. இப்படிக் கதிர்கள் ஒரு புள்ளியில் கூடாமல் சிதறுவதுதான் கோளப் பிறழ்ச்சி. எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு பால் ஊற்றிச் சாய்வெயிலில் வைத்தால், பாலின் மேல் நடுவில் கூர்முனை கொண்ட ஒரு வெளிச்ச வளைவு தெரியும். டம்ளரின் உட்சுவர் வெயிலை ஒரு புள்ளியில் சேர்க்க முடியாமல் போன தடயம் அது. தொலைநோக்கி செய்பவர்கள் இதைத் தவிர்க்கத்தான் ஆடியைப் பரவளைய வடிவில் தேய்க்கிறார்கள். காவலூர் வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் முதன்மை ஆடியும் அப்படிப்பட்டதே.

வரைபடத்தில் நாம் செய்யும் குளறுபடி இன்னும் ஒரு படி மேலே. வில்லைக் காம்பஸில் நிஜமாகப் போடுகிறோம், கதிரை மட்டும் அண்மை அச்சு விதிப்படி மடக்குகிறோம். இரண்டும் ஒத்துப்போகாது. மேலே சொன்ன ஆடிக்கு முன் 12 செ.மீ. தொலைவில் 4 செ.மீ. உயரப் பொருளை வைத்து வில்லில் வரைந்தால், இணைகதிரும் ஆடி மையக் கதிரும் (ஆடி மையத்தில் பட்டுத் திரும்பும் கதிர்) சந்திப்பது 5.3 செ.மீட்டரில். குவியம் வழியாக வரும் கதிரும் ஆடி மையக் கதிரும் சந்திப்பது 5.7-ல். சரியான விடையோ 6.

தீர்வு எளிது. ஆடியை வில்லாகப் போடாமல், ஆடி மையத்தில் அச்சுக்குச் செங்குத்தாக ஒரு நேர்கோடு போடுங்கள். கதிர்கள் அந்தக் கோட்டில் மடங்கட்டும்.

வளைந்த ஆடியை நேராகப் போடுவது ஏமாற்று வேலை இல்லையா? இல்லை. உண்மையில் நாம் கேட்கும் கேள்வி அச்சை ஒட்டிய மெல்லிய பகுதியைப் பற்றியது. பொருளின் உயரம் 2 மி.மீ. என்று வையுங்கள். அந்த உயரத்தில் நம் ஆடி நேர்கோட்டிலிருந்து வளைந்திருப்பது 0.025 மி.மீ. மட்டுமே. இப்போது படத்தின் உயரத்தை மட்டும் பத்து மடங்கு இழுக்கிறோம், 2 மி.மீ. பொருள் 2 செ.மீ. ஆகிவிடும். கிடையளவை இழுக்காததால் வளைவு அதே 0.025 மி.மீட்டர்தான். பென்சில் கோட்டுக்குள் அடங்கிவிடும். ஆக, நேர்கோடுதான் இங்கே துல்லியமான ஆடி.

தேர்வில் வில் இருந்தால்தான் மதிப்பெண் என்று நினைப்பவர்கள் நேர்கோட்டின் இரு முனைகளிலும் சின்னதாக வளைவு காட்டலாம். வில்தான் வேண்டும் என்றால் பொருளின் உயரத்தைக் குவியத் தொலைவில் கால் பங்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

குழி ஆடி: ஒரு படம் முழுதாக

கூராகச் சீவிய பென்சில் அல்லது 0.5 மி.மீ. பென்சில், 30 செ.மீ. ஸ்கேல், ஒரு மூலைமட்டம் போதும். கட்டமில்லாத தாளைவிட வரைபடத்தாள் நல்லது. இணைகோடு தானாக அமையும்.

தாளின் வலப்பக்கத்தில் செங்குத்தாக 10 செ.மீ. கோடு, அதுதான் ஆடி. அதன் நடுவிலிருந்து இடப்புறம் அச்சு. ஆடியிலிருந்து 4 செ.மீட்டரில் குவியம், 8-ல் வளைவு மையம், 12-ல் 2 செ.மீ. உயர அம்புக்குறியாகப் பொருள். எல்லாத் தொலைவையும் ஆடிக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். குவியத்திலிருந்து தொடங்கி அடுத்ததை அளந்தால் பிழை ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும்.

பொருளின் நுனியிலிருந்து முதல் கதிர் அச்சுக்கு இணையாகப் போய் ஆடிக் கோட்டை 2 செ.மீ. உயரத்தில் தொடுகிறது, அங்கிருந்து குவியத்தின் வழியே திரும்புகிறது. இரண்டாவது, குவியத்தின் வழியே போய் அச்சுக்குக் கீழே 1 செ.மீட்டரில் ஆடிக் கோட்டைத் தொட்டு, அச்சுக்கு இணையாகத் திரும்புகிறது. மூன்றாவது ஆடி மையத்தில் பட்டு, அச்சுக்கு மேலே எந்தக் கோணமோ கீழேயும் அதே கோணத்தில் திரும்புகிறது. நான்காவது வளைவு மையத்தின் வழியே போய், வந்த வழியே திரும்புகிறது. நான்கும் ஆடியிலிருந்து 6 செ.மீ. தொலைவில், அச்சுக்குக் கீழே 1 செ.மீட்டரில் சந்திக்கும். அங்கிருந்து அச்சு வரை செங்குத்தாக ஒரு அம்பு: தலைகீழ்ப் பிம்பம், பாதி உயரம். பொருளின் அடி அச்சின் மேல் நிற்பதால் அதன் பிம்பமும் அச்சின் மேல்தான். அதற்குத் தனிக்கதிர் வேண்டாம்.

நான்காவது கதிரைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வரும், வரவும் வேண்டும். நேர்கோட்டில் சாய்வாகப் பட்ட கதிர் வந்த வழியே எப்படித் திரும்பும்? அந்தக் கோடு சமதள ஆடி அல்ல. வளைந்த ஆடிக்குப் பதிலாக நிற்கும் அடையாளம். கோணமானி வைத்துப் படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமமா என்று பார்க்க உகந்த இடம் ஆடி மையம் ஒன்றுதான்.

கதிர்களைச் சந்திக்கும் புள்ளியோடு நிறுத்திவிடாதீர்கள். ஒளி அங்கே நிற்பதில்லை, கடந்து போகிறது. 2 செ.மீ. அப்பால் வரை இழுத்து அம்புக்குறி போடுங்கள். பிம்பம் உருவாகத் திரை தேவையில்லை என்பதும் அப்போது புரியும். திரை அதைப் பிடித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

எந்த இரண்டைத் தேர்ந்தெடுப்பது?

இதை யாரும் அதிகம் சொல்லித் தருவதில்லை. துல்லியத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. இரண்டு கோடுகள் சின்னக் கோணத்தில் வெட்டினால், வெட்டும் புள்ளி ஒரு நீண்ட கறையாகிவிடும். 0.5 மி.மீ. தடிமன் கோடுகள் 53 பாகைக் கோணத்தில் வெட்டினால் கறை 0.6 மி.மீ. மட்டுமே. அவையே 10 பாகையில் வெட்டினால் கிட்டத்தட்ட 3 மி.மீ.

மேலே உள்ள படத்தில் இணைகதிரும் வளைவு மையக் கதிரும் வெட்டுவது அந்த 53 பாகையில்தான். இணைகதிரும் ஆடி மையக் கதிரும் வெட்டுவது சுமார் 17 பாகை. பெரும்பாலோர் இரண்டாவது ஜோடியைத்தான் போடுகிறார்கள்! மெலிதாக நாலையும் இழுத்துப் பார்த்து, எது அகலமாக வெட்டுகிறதோ அதை நம்புங்கள்.

குவிலென்ஸ்: அளவுத்திட்டத்தின் உதவி

லென்ஸின் இரண்டு பரப்பிலும் ஒளி வளைகிறது. மெல்லிய லென்ஸ் என்பதால் இரண்டையும் சேர்த்து நடுக்கோட்டில் ஒரே மடக்காகப் போடுகிறோம். ஒளியியல் மையத்தின் வழியே போகும் கதிர் மட்டும் நேராகப் போகும். அந்த இடத்தில் இரு பரப்பும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதால் கதிர் திசை மாறுவதில்லை. லென்ஸ் மெல்லியதாக இருப்பதால் பக்கவாட்டு நகர்வும் கணக்கில் வராது.

குவியத் தொலைவு 20 செ.மீ., பொருள் 30 செ.மீ. தொலைவில், உயரம் 6 செ.மீ. இதை அப்படியே தாளில் போட இடம் போதாது. கிடையாக 5 செ.மீட்டருக்கு 1 செ.மீ. என்று வைத்தால் குவியம் 4-ல், பொருள் 6-ல் வரும். பிம்பம் 12-ல் விழும். மொத்தம் 18 செ.மீ. ஏ4 தாளுக்குள் அடங்கிவிடும்.

உயரத்துக்கும் அதே அளவுத்திட்டம் வேண்டுமா? வேண்டியதில்லை. நேர்கோட்டில் மடக்கும் முறையில் உயரத்தைத் தனியாக இழுத்தாலும் சுருக்கினாலும் பிம்பத்தின் தொலைவு மாறாது. அதே 5-க்கு 1 என்று போட்டால் பொருள் 1.2 செ.மீ. குள்ளமாகி, கோடுகள் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். உயரத்துக்கு 2-க்கு 1 என்று வைத்தால் 3 செ.மீ.; கோடுகள் நிமிர்ந்து, தெளிவாக வெட்டும். பிம்பம் தாளில் 6 செ.மீ. வரும், உண்மையில் 12. இரண்டு அளவுத்திட்டங்களையும் தாளின் மூலையில் எழுதிவிடுங்கள். இப்படிப் போட்ட படத்தில் கோணங்களை அளந்து எதுவும் சொல்லக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஜோடியைப் பொறுத்தவரை, இணைகதிரும் மையக் கதிரும் இங்கே 10 பாகையில் வெட்டுகின்றன. இணைகதிரும், இடப்பக்கக் குவியத்தின் வழியே வந்து லென்ஸைக் கடந்தபின் இணையாகப் போகும் கதிரும் 37 பாகையில் வெட்டுகின்றன. எதை நம்புவது என்று சொல்லத் தேவையில்லை.

சுருக்கம்: ஆடியும் லென்ஸும் தாளில் நேர்கோடுகள். மடக்கு அந்தக் கோட்டில் மட்டும். அகலமாக வெட்டும் ஜோடியே நம்பகமானது. உயரத்தின் அளவுத்திட்டம் நம் வசதிக்கு.

புள்ளிக்கோடு போடும் இடம்

கதிர்கள் ஆடியில் எதிரொளித்தபின் அல்லது லென்ஸில் வளைந்தபின் விரிந்து போனால் அவை எங்கும் கூடுவதில்லை. பின்னோக்கி நீட்டினால் ஓரிடத்திலிருந்து கிளம்பியவைபோலத் தோன்றும். அதுவே மாயபிம்பம். ஒளி உண்மையில் போகும் பாதைக்கு முழுக்கோடும் அம்புக்குறியும். பின்னோக்கி நீட்டியதற்குப் புள்ளிக்கோடு, அம்புக்குறி கிடையாது. இந்த ஒரு ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்தது.

உருப்பெருக்கியாகக் குவிலென்ஸைப் பயன்படுத்தும் படம்: குவியத் தொலைவு 4, பொருள் 2 செ.மீ. தொலைவில், உயரம் 1. இணைகதிர் மறுபக்கக் குவியத்துக்குப் போகிறது, மையக் கதிர் நேராகப் போகிறது, இரண்டும் விரிகின்றன. பின்னோக்கி நீட்டினால் பொருள் இருக்கும் பக்கத்திலேயே 4 செ.மீட்டரில், 2 செ.மீ. உயரத்தில் நிமிர்ந்த பிம்பம். குவியக் கதிர் போடும்போது கவனம்: பொருள் குவியத்துக்கு உள்ளே இருப்பதால் கதிர் குவியத்தின் வழியே வர முடியாது. குவியத்திலிருந்து வந்ததுபோன்ற திசையில் பொருளின் நுனியிலிருந்து கிளம்புகிறது. குவியத்துக்கும் நுனிக்கும் இடைப்பட்ட துண்டு புள்ளிக்கோடு.

குவி ஆடியில் குவியம் ஆடிக்குப் பின்னால். குவியத் தொலைவு 3, பொருள் 6 செ.மீ. முன்னால், உயரம் 3 என்றால், பிம்பம் ஆடிக்குப் பின்னால் 2 செ.மீட்டரில், 1 செ.மீ. உயரத்தில் வரும். வண்டியின் பக்கக் கண்ணாடி இந்த வகைதான். பின்னால் வரும் லாரி அதில் தொலைவில் இருப்பதுபோலத் தோன்றுவதால் பிம்பமே தொலைவில் விழுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். படம் காட்டுவது நேர்மாறானது. பிம்பம் ஆடிக்கு மிக அருகில்தான் இருக்கிறது. உருவம் சிறுத்திருப்பதால் நம் மூளை அதைத் தொலைவில் வைத்துவிடுகிறது.

குழிலென்ஸில் தவறுவது ஒரே இடத்தில்தான்: இணைகதிரை மறுபக்கக் குவியத்துக்கு மடக்கிவிடுகிறார்கள். அது பொருள் இருக்கும் பக்கத்துக் குவியத்திலிருந்து கிளம்பியதுபோல விரிய வேண்டும்.

பொருள் சரியாகக் குவிலென்ஸின் குவியத்திலேயே இருந்தால், வெளியே வரும் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாகிவிடும். அவற்றை வலிந்து சந்திக்க வைக்காதீர்கள். இணையாக விட்டுவிடுவதே சரியான விடை.

சரிபார்க்கும் முறை

மெய்பிம்பம் (கதிர்கள் உண்மையிலேயே கூடும் பிம்பம்) வரும் படங்களுக்கு ஒரு வரிக் கணக்கு போதும். பொருள் தொலைவின் தலைகீழும் பிம்பத் தொலைவின் தலைகீழும் சேர்ந்தால் குவியத் தொலைவின் தலைகீழ். குழி ஆடிப் படத்தில் 12-ல் ஒன்று, 6-ல் ஒன்று, கூட்டினால் 4-ல் ஒன்று. லென்ஸ் படத்தில் 6-ல் ஒன்றும் 12-ல் ஒன்றும், அதே 4-ல் ஒன்று. இரண்டு படமும் உண்மையில் ஒரே கணக்கு, திருப்பிப் போட்டது.

இதையும் மீறிக் கோடுகள் முக்கோணம் போட்டால் அதன் அளவைப் பாருங்கள். ஒன்றிரண்டு மி.மீ. என்றால் பென்சில் தடிமன்தான் காரணம், நடுப்புள்ளியை எடுத்துக்கொள்ளலாம். அரை செ.மீ. என்றால் ஏதோ ஒரு கதிர் தவறு. மையக் கதிரும் குவியக் கதிரும் கணக்கோடு ஒத்துப்போய் இணைகதிர் மட்டும் விலகினால், அது இணையாகவே இல்லை அல்லது அது செல்ல வேண்டிய குவியத்தின் குறி நகர்ந்திருக்கிறது. குவியக் கதிர் மட்டும் விலகினால் கதிர் போகும் வழியில் உள்ள குவியத்தின் குறியையும், லென்ஸுக்குப் பின் அது அச்சுக்கு இணையாகப் போகிறதா என்பதையும் பாருங்கள். மையக் கதிரே விலகினால் அச்சும் லென்ஸ் கோடும் வெட்டும் இடத்தை விட்டுக் கதிர் அரை மி.மீ. தள்ளிப் போயிருக்கும், தட்டையான கதிர் என்பதால் அந்த அரை மி.மீ. மறுமுனையில் பல மில்லிமீட்டராகத் தெரியும்.